கறைக்கு ஒரு சாவி!

பைக், கார் பெயின்ட்டில் கழுவியும் போகாத புள்ளிகளா? தேய்க்காதீங்க பாஸ்... திறங்க!

ஒரு சின்ன வேலை. மேலே படிக்கிறதுக்கு முன்னாடி வாசலுக்குப் போய் உங்க பைக்கை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. தூரத்துல நின்னு இல்ல. பெட்ரோல் டேங்க் பக்கத்துல குனிஞ்சு, வெளிச்சம் சாய்வா விழுற மாதிரி பாருங்க.

பார்த்தாச்சா? வெள்ளை வெள்ளையா வட்டம் பூத்திருக்கா? மட்கார்டு ஓரத்துல மிளகு தூவின மாதிரி தார்ப் புள்ளிகளா? காக்கா போட்ட 'மேப்'பைக் கழுவின பிறகும், அதே இடத்துல அதே மேப் மங்கலாத் தெரியுதா? வாங்க வாங்க, நீங்க நம்ம கட்சி!

கழுவியாச்சு, ஷாம்பு போட்டாச்சு, துடைச்சாச்சு... இன்னும் அசையலை. அடுத்து உங்க கை எங்கே போகும்னு எனக்குத் தெரியும். ஏன்னா, என் கையும் அங்கேதான் போச்சு. அடுக்களையில, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்!

அப்பாவோட கறுப்பு பைக். டேங்க் மேல ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு உப்புப் புள்ளிகள். ஞாயித்துக்கிழமை காலை, பச்சை நார், பாத்திர சோப்பு, 'இன்ஜினீயரிங் படிக்கிற பையன்'கிற தெனாவெட்டு... எல்லாம் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்? பத்தே நிமிஷத்துல புள்ளியைக் காணோம். கூடவே பளபளப்பையும் காணோம்! ஈரமா இருந்த வரைக்கும் கண்ணாடி மாதிரி மின்னின இடம், காய்ஞ்சதும் அழிச்ச சிலேட்டு மாதிரி சாம்பல் பூத்து நின்னுச்சு. அப்பா சாயங்காலம் வந்து பார்த்தார். திட்டலை. விரலால ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது!

அந்தக் குற்ற உணர்ச்சியில தேடிப் படிச்சேன். பட்டறை அண்ணன்கள்கிட்ட கேட்டேன். வீட்டுலயே சோதிச்சும் பார்த்தேன். தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் திண்டுக்கல் பாஷையில ஒரே வரியில சொல்லிடலாம்: ஒவ்வொரு கறையும் ஒரு பூட்டு.

நம்மூர் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது ஞாபகம் இருக்கில்ல? அந்தப் பூட்டை அதோட சாவியைப் போட்டுத் திருகினா நொடியில திறக்கும். சுத்தியலால அடிச்சாலும் திறக்கும்தான். ஆனா, கதவும் சேர்ந்து பெயர்ந்து வந்துடும். நான் போட்டது சுத்தியல் அடி. பெயர்ந்து வந்தது பெயின்ட்!

தகரத்துக்கு நாலு சட்டை

'பெயின்ட்'னு நாம ஒரே வார்த்தையில சொல்றது, உண்மையில நாலு அடுக்கு. கார் பாடியை எடுத்துக்குங்க. தகரத்துமேல முதல்ல துருவைத் தடுக்கிற பிரைமர். பாடியை அப்படியே தொட்டியில முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கிறாங்க. அதுக்கு மேல மேடு பள்ளத்தைச் சமன் செய்யற சர்ஃபேஸர். மூணாவதா நம்ம கண்ணுக்குத் தெரியற கலர். கடைசியா, நிறமே இல்லாத ஒரு கண்ணாடிச் சட்டை. அதுதான் க்ளியர் கோட்.

நாலும் சேர்ந்து எவ்வளவு தடிமன் இருக்கும்? பொதுவா 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கா வெட்டினா, அதுல ஒரு பங்குதான் மைக்ரான். உங்க அசைன்மென்ட் எழுதுற ஜெராக்ஸ் பேப்பர் ஒரு தாளே சுமார் 100 மைக்ரான் வரும். அதாவது, லட்சக்கணக்குல காசு கொடுத்து வாங்கின வண்டியோட மொத்த அழகும் கிட்டத்தட்ட ஒரு பேப்பர் தடிமன்!

அதுலயும் க்ளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். நம்ம தலைமுடியோட தடிமனே பெரும்பாலும் இதைவிட அதிகம். பளபளப்பு அதுலதான் இருக்கு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரைத் தடுக்கிற ரசாயனமும் அதுக்குள்ளதான் இருக்கு. அதைத் தேய்ச்சு எடுத்துட்டா, கலர் நேரா வெயிலுக்கு வந்து நிக்கும். அப்புறம் வெளுப்பு, செதில், உரிச்சல்னு வரிசையா வரும்.

இப்போ பச்சை நாருக்கு வருவோம். அந்த நார் வெறும் நைலான் இல்ல. அதுல அலுமினியம் ஆக்ஸைடு துகள்களை ஒட்டியிருப்பாங்க. உப்புக் காகிதத்துலயும் சாணைக்கல்லுலயும் இருக்கிற அதே சரக்கு. கனிமங்களோட கடினத்தன்மையை அளக்கிற மோ அளவுகோல்ல வைரத்துக்கு 10, அலுமினியம் ஆக்ஸைடுக்கு 9. நாம எடுக்க நினைச்ச உப்புப் புள்ளியில இருக்கிற கால்சைட்டுக்கு வெறும் 3! கொசு அடிக்க ஜே.சி.பி. கொண்டு வந்த கதைதான்.

நார் மட்டும் இல்ல... காய்ஞ்ச துணியால 'சரக் சரக்'னு டேங்க்கைத் துடைக்கிறோமே, அதுவும் இதே லிஸ்ட்தான். ஆடிக் காத்துல பறந்து வந்து உக்கார்ற புழுதியில குவார்ட்ஸ் மணல் இருக்கு. அதோட கடினத்தன்மை 7. வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கீறல் தெரியுதா? கையெழுத்து நம்மளோடதுதான்!

முதல் பூட்டு: போர் தண்ணி

திண்டுக்கல்லுல வெள்ளைப் புள்ளிக்கு நம்பர் ஒன் காரணம், வண்டி கழுவுற தண்ணியேதான். சிரிக்காதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க போர் தண்ணியில லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் கரைஞ்ச உப்புகள் இருக்குன்னு வெச்சுக்குவோம். 15 லிட்டர் பக்கெட் ஒண்ணுல 22.5 கிராம். கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன் உப்பை அள்ளிக் கரைச்சு வண்டிக்கு அபிஷேகம் பண்ற மாதிரி! இந்திய தர நிர்ணய அமைப்போட குடிநீர் விதி (ஐ.எஸ். 10500), கரைஞ்ச திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. வேற வழியே இல்லைன்னா 2,000 வரை.

தண்ணி ஆவியாப் போயிடும். உப்பு எங்கே போகும்? அங்கேயேதான் உக்காரும். அதுல சாதா உப்பு அடுத்த கழுவலிலேயே கரைஞ்சிடும். அடம் பிடிக்கிறது கால்சியமும் மக்னீசியமும்தான். கால்சியம் பைகார்பனேட்டா தண்ணிக்குள்ள ஒளிஞ்சு வர்றது, காயும்போது கால்சியம் கார்பனேட்டா மாறிடும். அது சாதா தண்ணியில கரையவே கரையாது. ஹீட்டர் காயில் மேல கல்லு மாதிரி வெள்ளையா படியுதே, அதே ஆசாமிதான் டேங்க் மேலயும் உக்கார்ந்திருக்கார்.

சாவி? அடுக்களையில இருக்கிற வெள்ளை வினிகர்! வினிகர்ல இருக்கிற அசிட்டிக் ஆசிட், கால்சியம் கார்பனேட்டை கால்சியம் அசிடேட்டா மாத்திடும். அது தண்ணியில சமர்த்தா கரையும். நடுவுல கார்பன் டை ஆக்ஸைடு குமிழ் குமிழா வெளியேறும். ஹீட்டர் கல்லை ஒரு துளி உடைச்சு வினிகர்ல போட்டுப் பாருங்க, சோடா மாதிரி பொங்கும்.

செய்முறை சிம்பிள். வண்டி நிழல்ல, தொட்டா குளிர்ச்சியா இருக்கணும். வினிகரும் நல்ல தண்ணியும் சரிக்குச் சரி. துணியை நனைச்சு புள்ளி மேல ஒண்ணு ரெண்டு நிமிஷம் போட்டு வைங்க. தேய்க்க வேண்டாம். எடுத்துட்டு நிறைய தண்ணி விட்டு அலசுங்க. போகலைன்னா இன்னொரு தடவை. குரோம், அலுமினியம் பாகங்கள் மேல ஊற விடாதீங்க. முக்கியமான எச்சரிக்கை: 'ஆசிட்தானே'ன்னு டாய்லெட் கழுவுற ஆசிட் பக்கம் போயிடாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக். குரோமையும் இரும்பையும் அரிச்சுட்டுத்தான் நிக்கும். வெந்துபோறது நம்ம கையும்தான்.

வினிகருக்கும் மசியாத புள்ளிகள் சில இருக்கும். கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம் வகையா இருந்தா இந்தச் சாவி சேராது. அதுக்கு வேற வழி, பின்னாடி வர்றேன்.

இன்னொரு மேட்டர். தண்ணியைச் சேமிக்கிறோம்னு நல்லெண்ணத்துல, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணியில வண்டி கழுவுறவங்க நிறைய பேர். அந்தத் தண்ணியிலதான், குடிக்கிற தண்ணியில இருந்து பிரிச்ச உப்பும் சேர்ந்து இருக்கு! சேறு போக முதல் அலசலுக்கு தாராளமா யூஸ் பண்ணுங்க. கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம். அதுக்கு நல்ல சரக்கு ஒண்ணு சும்மாவே சொட்டிக்கிட்டு இருக்கு... ஏ.ஸி. தண்ணி! காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுற தண்ணிங்கிறதால அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது. மழைத்தண்ணியும் அப்படித்தான்.

நம்பிக்கை இல்லையா? பழைய சி.டி. ஒண்ணு எடுங்க. பளபளக்கிற பக்கத்துல போர் தண்ணி ஒரு சொட்டு, குழாய்ல வர்ற ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணி ஒரு சொட்டு, ஏ.ஸி. தண்ணி ஒரு சொட்டு. மொட்டை மாடியில காய வைங்க. அரை மணி நேரத்துல ரிசல்ட் கையில!

ரெண்டாவது பூட்டு: காக்கா மேப்

புளிய மரத்தடியில வண்டியை நிறுத்தினா நிழல் ஃப்ரீ, கூடவே இதுவும் ஃப்ரீ. பறவை எச்சத்துல வெள்ளையா இருக்கிறது யூரிக் அமிலம். ஆனா, வில்லன் அது மட்டும் இல்ல. ஈரான் நாட்டு அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2009-ல இருந்து வரிசையா வெளியிட்ட ஆய்வுகள்ல, எச்சத்துல இருக்கிற செரிமான நொதிகளும் க்ளியர் கோட்டோட ரசாயனக் கட்டை உடைக்குதுன்னு காட்டியிருக்காங்க. அதாவது, காக்கா வயித்துல சாப்பாட்டைச் செரிக்கிற சமாசாரம், வெளியே வந்து பெயின்ட்டையும் செரிக்குது!

இதுல வெயிலும் கூட்டு. சூட்டுல பெயின்ட் இளகி விரியும். மேல எச்சம் காய்ஞ்சு கெட்டியா ஒட்டிக்கும். சாயங்காலம் பெயின்ட் சுருங்கும்போது அந்த மேடு பள்ளத்தோட அச்சு அப்படியே பதிஞ்சிடும். அதனாலதான் கழுவின பிறகும் மேப் போறதில்லை. மேல இருந்த கறை போயாச்சு, கீழே பள்ளம் இருக்கு.

இந்தப் பூட்டுக்குச் சாவி, வேகம். பார்த்த உடனே எடுக்கணும். ஆனா சுரண்டக் கூடாது. காக்கா தின்ன வேப்பங்கொட்டையும் மண்ணும் அதுக்குள்ள இருக்கும். நனைச்ச துணியை அது மேல போர்த்தி பத்து நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் துணியோட அள்ளி எடுங்க, இழுக்காதீங்க. பஸ் ஜன்னல்ல இருந்து யாரோ பெரியவர் அனுப்பின வெத்திலை எச்சிலுக்கும் இதே ட்ரீட்மென்ட். சுண்ணாம்பு கலந்த சரக்கு, காய விட்டா சிவப்பும் போகாது, வெள்ளையும் போகாது.

மூணாவது பூட்டு: மரமும் தாரும்

மரத்துல இருந்து ஒட்டுறது எல்லாமே ஒண்ணு இல்ல. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

வேப்பம் பிசின், கருவேலம் பிசின்... ரெண்டும் சர்க்கரைக் குடும்பம். தண்ணிதான் சாவி. வெதுவெதுப்பான தண்ணியில துணியை முக்கி கால் மணி நேரம் போட்டு வெச்சா, ஜெல்லி மாதிரி இளகி வந்துடும். அவசரப்பட்டு ஸ்பிரிட்டைப் போட்டீங்கன்னா இன்னும் இறுகும். நத்தம் பக்கம் மாந்தோப்புல பூ பூக்கிற சீஸன்ல நிறுத்தின வண்டி மேல பிசுபிசுன்னு பனி மாதிரி படியுதே, அது பெரும்பாலும் தத்துப்பூச்சி வெளியேத்துற தேன் கழிவு. அதுவும் சர்க்கரைதான். தண்ணியே போதும்.

பலாப் பால்? சிறுமலைப் பலாவை அறுக்கிறதுக்கு முன்னாடி அம்மா கையில என்ன தடவுறாங்க? எண்ணெய்! வேதியியல் புத்தகம் 'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்'னு பாடம் நடத்தறதை அம்மா அருவாமணை பக்கத்துல உக்கார்ந்து செஞ்சு காட்டிட்டாங்க. அதே தேங்காய் எண்ணெய் வண்டிக்கும் போதும். கொடைக்கானல் பைன் மரக் காட்டுப் பக்கம் நிறுத்தி ஒட்டின பிசின் வேற ஜாதி. அதுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால மெதுவா ஒத்தி எடுத்து, உடனே தண்ணி விட்டு அலசணும்.

தார் என்ன குடும்பம்? பெட்ரோலியத்தோட அடிமட்டத்துல மிஞ்சற சரக்கு. அதனால அதுக்குச் சொந்தக்காரங்கதான் சாவி. மண்ணெண்ணெய் நனைச்ச துணியை ரெண்டு மூணு நிமிஷம் ஒத்தி வெச்சா, தார் பழுப்பா ஒழுக ஆரம்பிக்கும். மெதுவா துடைச்சு, ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்துடணும். இல்லைன்னா நான்கு வழிச்சாலைப் புழுதி மொத்தமும் அங்கே வந்து குடியேறும். 'பெட்ரோல் இருக்கே!'ன்னு டேங்க்கைத் திறக்காதீங்க. சூடான சைலன்ஸர் பக்கத்துல பெட்ரோல் துணி, தீயோட விளையாட்டு. தின்னர் அதைவிட மோசம். தாரோட சேர்த்து கலரையும் கழட்டிடும்.

நாலாவது பூட்டு: இரும்புத் தூள்

இது வெள்ளை வண்டிக்காரங்களோட தலைவலி. ஊசி முனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். கையால தடவினா சொரசொரன்னு இருக்கும். ஷாம்புவுக்கு அசையாது.

பூட்டும் பெட்டகமும் செய்யற ஊர் நம்ம ஊர். பட்டறையில கிரைண்டர் பிடிக்கும்போது மத்தாப்பு மாதிரி தெறிக்குதே, அதெல்லாம் பழுத்த இரும்புத் துணுக்கு. பக்கத்துல நிக்கிற வண்டியோட பெயின்ட்டுல சூடா விழுந்து அப்படியே பதியும். அப்புறம் மழை, பனி பட்டுத் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அதனால உள்ளேயே உப்பி, க்ளியர் கோட்டைத் தூக்கும். டிஸ்க் பிரேக்ல இருந்து தேயற தூளும் இதே வேலையைச் செய்யும். ரயில் தண்டவாளம் பக்கத்துல நிக்கிற வண்டிக்கும் இந்த வியாதி உண்டு. சக்கரமும் தண்டவாளமும் உரசி வர்ற தூள் அது. இங்கிலீஷ்காரங்க இதுக்கு வெச்ச பேரே 'ரயில் டஸ்ட்'.

சாவி, கடையில 'அயர்ன் ரிமூவர்'னு கிடைக்கிற திரவம். அதுல இருக்கிறது தயோகிளைகோலேட் உப்பு. இரும்பைத் தொட்ட உடனே ஊதா கலர்ல அழுது வடியும். பார்க்கறதுக்கு பயங்கரமா இருக்கும், பயப்படாதீங்க. வாசனை எங்கேயோ பழகின மாதிரி இருக்கா? முடி நீக்குற கிரீம்லயும் இந்தக் குடும்பத்து ரசாயனம்தான். கையுறை போட்டுக்கிட்டு, நிழல்ல அடிச்சு, காய விடாம அலசிடணும்.

களிமண் இல்லாத 'களிமண்'

எந்தச் சாவியும் சேராம மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருக்கா? முதல்ல ஒரு டெஸ்ட். கையில மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கிட்டு, கழுவின பெயின்ட் மேல மெதுவா தடவுங்க. வெறும் விரலுக்கு வழவழன்னு தெரிஞ்ச இடம், கவர் வழியா தடவினா மணல் மாதிரி நெருடும். நெருடினா, கறை இன்னும் மேலேயே உக்கார்ந்திருக்குன்னு அர்த்தம்.

அதுக்கு 'க்ளே பார்'னு ஒரு கட்டி விக்குது. பேர்தான் களிமண். உண்மையில பிளாஸ்டிக் பிசினுக்குள்ள நுணுக்கமான உரசு துகள்களைப் பிசைஞ்சது. டாடாவோ கொடாடேன்னு ஒரு ஜப்பான்காரர் 1990-கள்ல இதுக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். அவர் விண்ணப்பத்துல வெச்ச பேரைத் தமிழ்ல சொன்னா 'வளைஞ்சு கொடுக்கிற சாணைக்கல்'! அந்தப் பேரை மறந்துடாதீங்க. சாணைக்கல்லுங்கிறதால, ஷாம்பு தண்ணியை நிறைய விட்டு, அழுத்தாம, நேர்கோட்டுல வழுக்க விடணும். அடிக்கடி மடிச்சுப் பிசைஞ்சு புதுப் பக்கத்தைத் திருப்பணும். கை தவறி தரையில விழுந்தா, எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும் குப்பைத் தொட்டிதான். ஒட்டின மண் ஒண்ணு போதும், டேங்க் முழுக்க கோடு போட!

கவர் வெச்சுத் தடவினா வழவழன்னு இருக்கு, கண்ணுக்கு மட்டும் கறை தெரியுதுன்னா? அது இனிமே கறையே இல்ல, பள்ளம். அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்ஸன்வில் நகரத்துல, இந்தப் பள்ளம் விழுறதைச் சோதிக்கவே பெயின்ட் கம்பெனிகள் மாதிரித் தகடுகளை வெயில்லயும் மழையிலயும் கிடத்தி வைப்பாங்க. அந்த ஊர்ல அமில ஈரமும் சூடும் சேர்ந்து க்ளியர் கோட்டை அவ்வளவு அரிக்கும். பள்ளத்தை எந்தத் திரவத்தாலயும் கரைக்க முடியாது. சுத்தி இருக்கிற மேட்டைப் பாலீஷ் போட்டு இறக்கணும். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். கையில இருக்கிறதே சுமார் 40. அதனால பாலீஷ் கடைசி ஆயுதம், மாசா மாசம் போடுற ஃபேஷியல் இல்ல!

ஒரு நிமிஷம்... கட் பண்ணி ஒட்டிக்குங்க!

* வண்டி சூடா இருக்கும்போது தண்ணியோ, ரசாயனமோ படவே கூடாது. சாயங்காலம்தான் நல்ல நேரம்.
* முதல்ல தண்ணியைப் பீய்ச்சிப் புழுதியை இறக்குங்க. அப்புறம்தான் துணி.
* எந்தத் திரவமா இருந்தாலும் கண்ணுல படாத ஒரு மூலையில சோதிச்சுட்டு அப்புறம் போடுங்க.
* ஒரு சாவி முடிஞ்சு, நல்லா அலசின பிறகுதான் அடுத்த சாவி. ரெண்டு ரசாயனத்தைக் கலக்கவே கூடாது.
* சொட்டு காயறதுக்குள்ள மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. பாதி புள்ளி இதுலயே வராது.
* டூத் பேஸ்ட் வைத்தியம் வேண்டாம். அதுலயும் உரசு பொடி இருக்கு.
* எல்லாம் முடிஞ்சதும் ஒரு கோட் வாக்ஸ். கறை வராமலே தடுக்காது. ஆனா, நமக்குக் கொஞ்சம் டைம் வாங்கிக் கொடுக்கும்.

டேங்க் மேல எழுதியிருக்கிற ரிப்போர்ட்

முடிக்கிறதுக்கு முன்னாடி, அந்த வெள்ளைப் புள்ளியை இன்னொரு தடவை பார்க்கலாமா?

நம்மூர்ப் பாறைக்குள்ள ஊறி வர்ற தண்ணியில கால்சியமும் மக்னீசியமும் இயல்பாவே உண்டு. ஆனா, கதை அங்கேயே முடியலை. திண்டுக்கல்லைச் சுத்தி இருந்த சுமார் 80 தோல் தொழிற்சாலைகள், குடகனாற்றோட மேல் படுகையில நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்திருக்குன்னு ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செஞ்சு 2005-ல வெளியிட்டாங்க. தோல் கெடாம இருக்க உப்பு, முடி நீக்க சுண்ணாம்பு... கழிவோட போனது மண்ணுக்குள்ள இறங்கிக் கிணத்துக்கு வந்தது. அதுக்கும் முன்னால, 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்குல கொடுத்த தீர்ப்புல, அபராதம் கட்டச் சொன்ன அஞ்சு மாவட்டத் தொழிற்சாலைகள்ல திண்டுக்கல்லும் உண்டு. ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய்.

அப்பா டேங்க் மேல இருந்ததை நான் வெறும் அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சேன். அது எங்க தெரு கிணத்தோட ரிப்போர்ட் கார்டு! வண்டி மேல படிஞ்ச கால்சியத்துக்கு வினிகர் போதும். மண்ணுக்குள்ள இறங்கினதுக்கு அப்படி ஒரு பாட்டில் எந்தக் கடையிலயும் கிடையாது. உள்ளே விடாம இருந்திருந்தா, அதுதான் சாவி. பெயின்ட்டுக்கு என்ன நியாயமோ, அதேதான் பூமிக்கும்.

சரி, அப்பா பைக் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? மிச்சம் இருந்த புள்ளி எல்லாம் வினிகர்ல போயிடுச்சு. நான் நார் போட்ட இடத்தை மட்டும் பெயின்ட் பட்டறை அண்ணன் ஒருத்தர் மெஷின் பாலீஷ் போட்டு முக்கால்வாசி மீட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, ''தம்பி, இந்த இடத்துல இனிமே கை வைக்காதே. தேய்க்க மிச்சம் இல்ல''ன்னார். சாய்வான வெளிச்சத்துல பார்த்தா இன்னும் லேசா சாம்பல் தெரியும்.

அப்பா இப்பவும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்லை. ஆனா, சனிக்கிழமை ராத்திரி ஆனா எதிர் வீட்டு ஏ.ஸி. சொட்டுற இடத்துல ஒரு பக்கெட்டை வெச்சுட்டு வந்துடறார். காலையில அதுல துணியை நனைச்சு டேங்க்கைத் துடைக்கிறது என் வேலை. பச்சை நாரை அம்மா எங்கே ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னுதான் இன்னும் தெரியலை!